நிறம் இழந்த இடத்தில் கோடு

ஒரு கட்டிடத்தின் வரைபடத்தைக் கையில் எடுக்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? அறைகளின் அளவு, கதவு திறக்கும் திசை, படிக்கட்டின் இடம் இவற்றைப் பார்க்கிறோம். சுவர்களின் உள்ளே நெருக்கமாக ஓடும் சாய்கோடுகளையோ, கான்கிரீட் தளத்தின் வெட்டுத் தோற்றத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளையும் சிறு முக்கோணங்களையுமோ நாம் பார்ப்பதில்லை. அவை அங்கே இருக்கின்றன என்பதைக் கண் அறியும். மனம் அவற்றைக் கடந்து போய்விடும். வரைவாளர்கள் இதனை ‘ஹாட்ச்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கிறார்கள். வெட்டுதல், கொத்துதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் அது. கோடரிக்குப் பிரெஞ்சில் உள்ள பெயரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இன்று கணினியில் ஹாட்ச் இடுவது சில நொடி வேலை. எல்லைகள் மூடிய ஒரு பரப்பின் உள்ளே சுட்டியை வைத்து அழுத்தி, பட்டியலில் ஒரு கோலத்தைத் தேர்ந்தால் பரப்பு நிரம்பிவிடுகிறது. அந்த ஒரு சொடுக்கின் பின்னால் ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஊடே ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறோம். படியெடுக்கும் கருவிக்கு எப்போதெல்லாம் நிறம் தெரியாமல் போனதோ, அப்போதெல்லாம் மனிதர்கள் கோட்டிடம் போயிருக்கிறார்கள்.

*

முதலில் அச்சுக்காரர்களிடமிருந்து தொடங்குவோம். மரப்பலகையிலோ செப்புத் தகட்டிலோ செதுக்கி அச்சிடுபவருக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. மை இருக்கும் இடம் கறுப்பு. இல்லாத இடம் தாளின் வெள்ளை. ஒரு கன்னத்தின் வளைவையும், துணி மடிப்பின் நிழலையும், மாலை வானத்தின் மங்கலையும் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு காட்டியாக வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியச் செதுக்கோவியர் மார்ட்டின் ஷோன்காவரும், அவருக்குப் பின் ஆல்பிரெக்ட் டியூரரும் இதற்குக் கண்ட விடை, கோடுகளின் நெருக்கம். கோடுகள் விலகி ஓடினால் வெளிச்சம், நெருங்கினால் நிழல், ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக ஓடினால் இருள். 1498இல் வெளியான டியூரரின் ‘உலக முடிவு’ மரச்செதுக்கு வரிசையையும், 1514இல் அவர் செப்புத் தகட்டில் செதுக்கிய ‘மெலன்கோலியா’வையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கோட்டின் இந்த மொழி எவ்வளவு விரைவாக முதிர்ந்தது என்பது விளங்கும்.

இந்த மொழியின் உச்சம் என்று பிரெஞ்சுச் செதுக்கோவியர் குளோட் மெல்லன் 1649இல் செய்த கிறிஸ்துவின் முகத்தைச் சொல்லலாம். மூக்கின் நுனியில் ஒரு கோடு தொடங்குகிறது. சுருள் சுருளாக வெளியே விரிந்து கொண்டே போகிறது. எங்கும் அறுபடுவதில்லை, எங்கும் தன்னையே வெட்டிக்கொள்வதில்லை. அந்த ஒரே கோடு சற்றுத் தடிப்பதாலும் மெலிவதாலும் மட்டுமே கண்களும் தாடியும் முள்முடியும் தோன்றுகின்றன.

ஓவியர்களிடம் கோடு நிழலாக இருந்தது. அது ஒரு குறியீடாக, அகராதி போட்டுப் படிக்க வேண்டிய ஒன்றாக மாறியது வேறொரு துறையில். ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் கேடயச் சின்னங்களில் நிறம் அலங்காரம் மட்டும் அன்று, அது அடையாளம். நீலப் பின்புலத்தில் பொன் சிங்கம் ஒரு வம்சம். சிவப்பில் பொன் சிங்கம் இன்னொரு வம்சம். அச்சுப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தச் சிக்கலுக்குப் பலர் பல வழிகளை முயன்றார்கள். நிலைத்து நின்றது, இயேசு சபைப் பாதிரியார் சில்வெஸ்டர் பெட்ரா சாங்க்டா 1638இல் வெளியிட்ட நூல் பரவச் செய்த முறை. செங்குத்துக் கோடுகள் சிவப்பு. கிடைக்கோடுகள் நீலம். பார்ப்பவரின் இடப்புற மேல் மூலையிலிருந்து வலப்புறம் சரிந்து இறங்குபவை பச்சை. அதற்கு எதிர்த்திசையில் சரிபவை ஊதா. செங்குத்தும் கிடையும் குறுக்கிட்டால் கறுப்பு. புள்ளிகள் பொன். ஒன்றும் இல்லாத வெறுமை வெள்ளி.

இங்கே நடந்திருப்பது சிறிய செயல் அன்று. சிவப்புக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் இயல்பான உறவு ஏதும் இல்லை. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு போல அது முற்றிலும் உடன்பாட்டால் வந்தது. பரப்பை நிரப்பும் கோடு, தான் எப்படித் தோன்றுகிறது என்பதை விட்டு, தான் எதைச் சொல்கிறது என்பதற்கு நகர்ந்துவிட்டது. பிற்கால வரைபட அறைகளில் செங்கல்லுக்கு ஒரு கோடு, எஃகுக்கு ஒரு கோடு என்று வகுத்தவர்கள் இந்தப் பாதையில்தான் நடந்தார்கள்.

*

நிரப்புவது எவ்வளவு பெரிய முடிவாக இருக்க முடியும் என்பதை உணர 1748க்குச் செல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜியாம்பட்டிஸ்டா நொல்லி ரோம் நகரின் வரைபடத்தைப் பன்னிரண்டு செப்புத் தகடுகளில் வெளியிட்டார். நகரின் வீட்டுத் தொகுதிகள் எல்லாம் கோடுகளால் நிரம்பி இருண்டு கிடக்கின்றன. தெருக்களும் சதுக்கங்களும் வெள்ளை. இதுவரை வியப்பு இல்லை. ஆனால் தேவாலயங்களின் உட்புறத்தையும், பான்தியனின் வட்டக் கூடத்தையும் நொல்லி வெள்ளையாகவே விட்டிருக்கிறார். கூரை இருந்தாலும் அவை தெருவின் தொடர்ச்சியாகவே தெரிகின்றன. உள்ளே நடந்து போகலாம் என்ற இடமெல்லாம் வெள்ளை. போக முடியாத இடம் இருள். கட்டிடம் எது, வெட்டவெளி எது என்ற பிரிவினையைக் காட்டிலும், யார் எங்கே நுழையலாம் என்ற கேள்வியை அந்தச் சாய்கோடுகள் நமக்குச் சொல்கின்றன. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நகர்த் திட்டம் படிக்கும் மாணவர்கள் அந்தப் படத்தை விரித்துவைத்துப் பேசுவது இதனால்தான்.

நில வரைபடங்களிலும் கோடு தன் வேலையைச் செய்தது. சாக்சனிப் படையைச் சேர்ந்த அதிகாரி யோஹான் கியோர்க் லேமன் 1799இல் மலைச்சரிவுகளைக் காட்ட ஒரு முறையை வகுத்தார். நீர் வழிந்தோடும் திசையில் சிறு கோடுகள். சரிவு செங்குத்தாக ஆக ஆகக் கோடு தடிக்கும். சமவெளி வெள்ளையாக நிற்கும். ஒரு படைத்தலைவன் வரைபடத்தைப் பார்த்தவுடனேயே பீரங்கியை எந்தச் சரிவில் ஏற்ற முடியாது என்று அறிந்துகொள்ளலாம். கோடுகளின் அடர்த்தி இங்கே ஓர் அளவையாகிவிட்டது.

*

கட்டிடக் கலைஞர்களும் பொறியாளர்களும் நெடுங்காலம் கோட்டை நம்பி இருக்கவில்லை. அவர்களிடம் தூரிகை இருந்தது. பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர்களின் படங்களில் கற்கட்டுக்குச் செம்மை, புதிதாகக் கட்ட எண்ணியதற்கு மஞ்சள் என்று மரபு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயந்திர வரைபடங்களில் இரும்பு நீலம் பூசிக்கொண்டது, செங்கல் இளஞ்சிவப்பு. படம் ஒன்றுதான், பிரதி வேண்டுமென்றால் இன்னொருவர் உட்கார்ந்து வரைந்து மீண்டும் வண்ணம் பூச வேண்டும்.

இதனை மாற்றியது வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த நீல அச்சு முறை. இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் ஊடுருவித் தெரியும் வரைபடத்தை வைத்து வெயிலில் காட்டி நீரில் அலசினால், வெளிச்சம் பட்ட இடம் நீலமாகவும் கோடு மறைத்த இடம் வெள்ளையாகவும் நிற்கும். அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இது வரைபட அறைகளில் வழக்கமாயிற்று. ஒரு மூலப்படத்திலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அந்தத் தாளுக்குச் சிவப்பும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. கோடு உண்டு அல்லது இல்லை, அவ்வளவே. பெட்ரா சாங்க்டாவின் காலத்து அச்சகத்தின் நெருக்கடி அப்படியே திரும்பி வந்தது. விடையும் அதேதான்: வண்ணம் பூசிய இடங்களில் கோடுகள் வந்தமர்ந்தன.

பின்னர் ஒவ்வொரு நாடும் இதற்குத் தரம் வகுத்தது. பொதுவான வெட்டுப் பரப்புக்கு 45 பாகைச் சாய்கோடு. ஏன் 45? கட்டிடத்தின் கோடுகள் பெரும்பாலும் கிடையாகவும் செங்குத்தாகவும் ஓடுபவை. இரண்டிலிருந்தும் சம தூரம் விலகி நிற்பது 45. போதாததற்கு மூலைமட்டத்திலேயே அந்தக் கோணம் தயாராக இருக்கிறது. அடுத்தடுத்துள்ள இரு பாகங்களுக்குக் கோடு எதிரெதிர்த் திசையில் சாய வேண்டும். ஒரே பாகம் எத்தனை இடத்தில் வெட்டுப்பட்டாலும் சாய்வும் இடைவெளியும் மாறக்கூடாது. இந்தியாவில் கட்டிட வரைபடங்களுக்கான நெறிகளை ஐ.எஸ். 962 என்ற தர ஆவணம் சொல்கிறது. நகராட்சிக்குச் சமர்ப்பிக்கும் படங்களுக்கு தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் ஒரு வண்ண அட்டவணையே உண்டு. புதிதாகக் கட்டவிருப்பது சிவப்பு நிரப்பு. இடிக்கவிருப்பது மஞ்சள் ஹாட்ச். அனுமதித்த வரைபடத்திலிருந்து விலகிக் கட்டியது சிவப்பு ஹாட்ச். ஒரே சிவப்பு, முழுதாக நிரம்பினால் அனுமதி கோரும் விண்ணப்பம். கோடுகளாகப் பிரிந்தால் விதிமீறலின் ஒப்புதல். ஒருவரின் வீடு நிற்பதும் இடிவதும் அந்த வேறுபாட்டில் அடங்கிவிடக்கூடும்.

*

கையால் ஹாட்ச் போட்ட காலத்தை நினைவில் வைத்திருப்போர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். டிரேசிங் தாள், டி-ஸ்கொயர், மூலைமட்டம், 1953இல் ரோட்ரிங் நிறுவனம் கொண்டுவந்த ராப்பிடோகிராஃப் பேனா. மூலைமட்டத்தைக் கண்ணளவாக ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ நகர்த்தி, கோடு. மீண்டும் நகர்த்தி, கோடு. மை காயுமுன் மட்டம் நகர்ந்தால் தீற்றல். அதைச் சவர அலகால் சுரண்ட வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஒட்டுத் தாள்கள் வந்தன. அச்சிட்ட புள்ளிகளும் கோடுகளும் கொண்ட மெல்லிய ஒட்டுப்படலத்தைப் பரப்பின் மேல் வைத்து, விளிம்பை அலகால் வெட்டி எடுத்துவிடலாம். வேலை முடிந்ததும் படம் அம்மோனியா பிரிண்டுக்குப் போகும்.

இது இளையவர்களிடம் தள்ளப்பட்ட வேலை. சலிப்பானது, கண்ணைக் கெடுப்பது. அதனை நாம் பொன்னுலகமாக்க வேண்டியதில்லை. ஆயினும் அதில் ஒரு கல்வி ஒளிந்திருந்தது. ஹாட்ச் போடுபவர் கட்டிடத்தின் ஒவ்வொரு சுவருக்குள்ளும் பேனாவோடு நடந்து போயாக வேண்டும். இந்தச் சுவர் எங்கே முடிகிறது, கான்கிரீட் தூண் எங்கே தொடங்குகிறது, சன்னலின் மேல் விட்டம் செங்கல்லின் மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு செய்யாமல் கோடு போட முடியாது. தெரியாவிட்டால் எழுந்து போய்க் கேட்க வேண்டும். கேட்கும்போது சில நேரம் மூத்தவருக்கும் விடை தெரியாது என்பது வெளிப்படும். அப்படிப் பல பிழைகள் காகிதத்திலேயே பிடிபட்டன.

*

கணினியின் கதை இந்தச் சலிப்பிலிருந்தே தொடங்குகிறது என்பது பொருத்தமானது. 1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் தம் முனைவர் பட்ட ஆய்வாக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை முன்வைத்தார். டிஎக்ஸ்-2 என்ற கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். அந்த ஆய்வேட்டில் வரும் முதல் எடுத்துக்காட்டு ஓர் அறுகோணம். அதைத் தேன்கூடு போலப் பெருக்கிப் பரப்பை நிரப்புவது. 900 அறுகோணங்களை உண்டாக்க, எப்படிச் செய்வது என்று யோசித்த நேரத்தையும் சேர்த்து, அரை மணிக்கும் குறைவாகவே ஆயிற்று என்று எழுதுகிறார். அதே படத்தைக் கையால் வரைய இரண்டு நாள் ஆகும் என்று வரைபடப் பிரிவினர் மதிப்பிட்டார்களாம். கணினி வரைகலையின் பிறப்புச் சான்றிதழிலேயே நிரப்புக் கோலம் ஒன்று பதிவாகியிருக்கிறது.

1982இல் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினர். மைக் ரிடில் எழுதியிருந்த நிரல் ஒன்றிலிருந்து வளர்ந்த ஆட்டோகேட் அந்த ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. சிறு கணினியில் ஓடியதால் சிறு அலுவலகங்களுக்கும் அது எட்டியது. அதன் ஹாட்ச் கோலங்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன; யாரும் திறந்து படிக்கலாம், தாமே ஒன்றை எழுதியும் சேர்க்கலாம். பல லட்சம் படங்களில் இடம்பெற்ற 45 பாகைச் சாய்கோட்டின் இலக்கணம் முழுவதும் ஒரே வரி: 45, 0,0, 0,.125. முதல் எண் கோணம். அடுத்த இரண்டும் தொடங்கும் புள்ளி. நான்காவது, ஒவ்வொரு கோடும் தன் போக்கில் எவ்வளவு வழுகி நிற்க வேண்டும் என்பது. ஐந்தாவது, கோடுகளுக்கு இடையே உள்ள தூரம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. விட்டுவிட்டு ஓட வேண்டுமானால் கோட்டின் நீளத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பின்னால் சேர்க்கலாம். நீளம் பூச்சியமானால் அது புள்ளி.

இந்த இலக்கணத்தில் நேர்கோடு மட்டுமே உண்டு, வளைவுக்கு இடமில்லை. கான்கிரீட்டுக்கான கோலத்தில் கற்களும் மணலும் இறைந்து கிடப்பது போலத் தோன்றுவதெல்லாம் பல கோணங்களில் துண்டு துண்டாக ஓடும் இணைகோட்டுக் கூட்டங்களே. அந்தத் தாறுமாறு ஒரு கணக்கின்படி மீண்டும் மீண்டும் வருகிறது. கூர்ந்து பார்ப்பவர்கள் அதே மூன்று கற்கள் அதே ஒழுங்கில் திரும்பி வருவதைப் பிடித்துவிடுவார்கள்.

தொடக்க காலத்தில் நிரப்புவது எளிதாக இல்லை. எல்லையாகும் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து கொடுக்க வேண்டும். ஒரு கோடு மூலையைத் தாண்டி நீண்டிருந்தால் கோலம் வெளியே வழிந்துவிடும். 1992இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு, உள்ளே ஒரு புள்ளியைக் காட்டினால் எல்லையைத் தானே தேடிக் கண்டுபிடிக்கக் கற்றது. உள்ளே தூணோ எழுத்தோ இருந்தால் அதைத் தீவாகக் கருதி விலகி ஓடவும் கற்றது. 1994இல் வந்த அடுத்த பதிப்பில் கோலமும் எல்லையும் பிணைக்கப்பட்டன. அதுவரை சுவரை நகர்த்தினால் கோலம் பழைய இடத்திலேயே அனாதையாக நிற்கும். அழித்துவிட்டுப் புதிதாக இட வேண்டும். இப்போது சுவர் நீண்டால் கோலமும் நீண்டது. அழிக்காமலே கோணத்தையும் அளவையும் மாற்றவும் ஒரு கட்டளை வந்தது. எனினும் இன்றுவரை வரைவாளர்கள் புலம்பும் ஒரு செய்தி உண்டு: எல்லை மூடப்படவில்லை என்று கணினி மறுப்பது. ஆயிரம் கோடுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழை இடைவெளியைத் தேடி அரைமணி நேரம் அலைவார்கள். பின்வந்த பதிப்புகள் சிறு இடைவெளிகளைப் பொறுத்துக்கொள்ளப் பழகின. கையால் வரைந்தவர்களின் கண் அந்தப் பொறுமையை எப்போதும் கொண்டிருந்தது.

*

எனில் நாம் இழந்தது ஏதும் உண்டா? அந்த 45 பாகைக் கோலத்தின் பெயர் ஆன்சி31. அமெரிக்கத் தர நிறுவனம் 1969இல் ஏற்ற பெயரின் சுருக்கம் அதில் நிற்கிறது. கோப்பில் அதன் விளக்கம் இரும்பு, செங்கல், கற்கட்டு என்கிறது. அடுத்ததான 32 எஃகு; 33 வெண்கலம், பித்தளை, செம்பு; 36 சலவைக்கல், பலகைக்கல், கண்ணாடி. இது ஓர் அகராதி. ஆனால் பட்டியலில் இவை அலங்காரக் கோலங்களோடு, ஓவியர் எஷரின் பெயரைச் சூடிய ஒன்றோடு, சமமாக வரிசையில் நிற்கின்றன. தேர்பவர் பார்ப்பது பெயரை அன்று, சிறு கட்டத்தில் தெரியும் தோற்றத்தை. பார்க்க நன்றாயிருக்கிறது என்பதற்காகச் செங்கல் சுவரில் ஈயத்துக்கான கோலம் வந்து உட்காருகிறது. சொல்லுக்குப் பொருள் இருப்பதை மறந்து ஓசைக்காக மட்டும் கையாளும் கவிதை போன்றது இது.

இன்னொரு இழப்பு கண்ணுக்கு இன்னும் குறைவாகத் தெரிவது. மென்பொருளோடு வரும் செங்கல் கோலம் அமெரிக்கச் செங்கல்லின் அளவில் அமைந்தது. ஒரு வரிசையின் உயரம் சுமார் 68 மில்லிமீட்டர். இந்தியத் தரத்தின் செங்கல் 190 x 90 x 90. சாந்தோடு சேர்ந்து வரிசைக்கு 100 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் சுவரில் நமக்கு முப்பது வரிசை. கோலம் காட்டுவதோ நாற்பத்து நான்கு. சன்னலின் அடிமட்டம் எந்த வரிசையில் அமர்கிறது என்று படத்தைப் பார்த்து எண்ணும் கொத்தனாரிடம் அந்தப் படம் பொய் சொல்கிறது. நிரப்பியவருக்கு அது ஒரு தோற்றம். கட்டுபவருக்கோ அது தகவல்.

இதற்கான மாற்றும் கணினியிலிருந்தே வந்திருக்கிறது. 2000இல் வெளிவந்து, 2002இல் ஆட்டோடெஸ்க் வாங்கிக்கொண்ட ரெவிட் போன்ற நிரல்களில் கோலம் பரப்பின் மேல் இடப்படுவதில்லை. சுவருக்கு இன்ன பொருள் என்று முதலில் சொல்லியாக வேண்டும். வெட்டும் இடத்தில் அந்தப் பொருளுக்குரிய கோலம் தானே தோன்றும். தாளின் அளவுக்கேற்ப நிற்கும் குறியீட்டுக் கோலம் வேறு, உண்மை அளவில் நிற்கும் ஓடு, செங்கல் கோலம் வேறு என்றும் அங்கே பிரித்திருக்கிறார்கள். ‘இது என்ன?’ என்ற கேள்வி, மூலைமட்டத்தோடு சுவருக்குள் நடந்த அந்த இளைஞரிடம் கேட்கப்பட்டது போலவே மீண்டும் கேட்கப்படுகிறது. பட்டியலில் இருக்கும் ஏதோ ஒன்றை அழுத்தி அதனையும் தாண்டிவிடலாம் என்பது உண்மைதான். எந்தக் கருவியும் கேள்வியை மட்டுமே முன்வைக்க முடியும்.

நிறம் இப்போது எங்கும் மலிந்துவிட்டது. திரையில் கோடிக்கணக்கான நிறங்கள் உண்டு. ஆயினும் ஹாட்ச் மறையவில்லை. கட்டுமானத் தளத்துக்குப் போகும் படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகிறது; அது மேலும் நகலெடுக்கப்படுகிறது, வெயிலில் வெளிறுகிறது, சிமெண்ட் படிந்த விரல்களால் மடிக்கப்படுகிறது. இத்தனைக்குப் பின்னும் படிக்கக் கிடைப்பது கோடு. கோடு போட்டவர் அதன் பொருளை அறிந்து போட்டிருந்தால், அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர் சுவரைச் சரியாக எழுப்புவார்.